லெனனா, மெக்கார்ட்னியா? வானொலி வெட்டிய வரி எது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதி பிரிந்துபோன இசைக்குழுக்களைப் பற்றியவை. மீதி வானொலி வெட்டிய வரிகளைப் பற்றியவை. பல பாட்டுகளில் இரண்டு சங்கதியும் சேர்ந்தே வருவதால் கலந்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

பீட்டில்ஸ் பிரிந்த பிறகு நால்வரில் யார் ஜெயித்தார்? நான் லெனன் கட்சி, தம்பி மெக்கார்ட்னி கட்சி. தீர்ப்பு வேண்டும்.
– கோவை வாசகர்

எந்தத் தராசு என்பதை முதலில் இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த சிங்கிள்கள், அதாவது தனித் தட்டாக வந்த பாட்டுகள்தான் கணக்கு என்றால் தம்பி ஜெயித்தாயிற்று. மெக்கார்ட்னி 9, ஹாரிசன் 3, லெனன் 2, ரிங்கோ 2. நீங்கள் ஒரு ஆட்சேபணை எழுப்பலாம். அந்த 9-ல் அவர் பிறகு தொடங்கிய விங்ஸ் குழுவோடு பாடியவை உண்டு, ஸ்டீவி வொண்டரோடும் மைக்கேல் ஜாக்சனோடும் சேர்ந்து பாடியவையும் உண்டு. ஜோடிப் பாட்டுகளை மட்டும் கழித்தால் அப்போதும் தம்பிதான் முன்னால் நிற்பார். விங்ஸையும் கழித்தால் மெக்கார்ட்னிக்கு ஒன்றுதான் மிஞ்சும்.

ஆனால் முதலில் முதலிடத்துக்குப் போனவர் இவர்கள் இருவருமே இல்லை. 1970 ஏப்ரல் 10-ல் மெக்கார்ட்னி விலகிய செய்தி வந்தது. அதே டிசம்பரில் ஹாரிசனின் ‘மை ஸ்வீட் லார்ட்’ அமெரிக்காவில் முதலிடம், அடுத்த மாதம் பிரிட்டனிலும் முதலிடம். பீட்டில்ஸ் ஆல்பங்களில் அவருக்கு ஒதுக்கியது பெரும்பாலும் ஒன்றிரண்டு பாட்டுகளுக்கான இடம்தான். அதனால் வருடக்கணக்கில் பாட்டுகள் சேர்ந்துபோய்க் கிடந்தன. ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ மூன்று தட்டுகளாக வந்தது அந்தக் கையிருப்பால்தான். (மூன்றாவது தட்டு நண்பர்களோடு சும்மா வாசித்துத் தள்ளியது. அதை ஒரு முறை கேட்டால் போதும்.) ‘மை ஸ்வீட் லார்ட்’ மெட்டு ஒரு பழைய பாட்டின் சாயல் என்று வழக்கு வந்து, 1976-ல் அமெரிக்க நீதிமன்றம் ‘தன்னை அறியாமலே எடுத்தது’ என்று தீர்ப்புச் சொன்னது தனிக்கதை.

லெனன் கட்சிக்காரர்கள் மறக்க விரும்பும் தகவல் ஒன்று. நால்வரில் அமெரிக்காவில் தனியாக முதலிடம் பிடித்த கடைசி ஆள் லெனன்தான். 1974-ல் வந்த அந்தப் பாட்டில் எல்டன் ஜான் கூடப் பாடி பியானோவும் வாசித்தார். “இது முதலிடத்துக்குப் போனால் என் கச்சேரி மேடைக்கு வர வேண்டும்” என்பது எல்டன் கட்டிய பந்தயம். லெனன் தோற்றார். நவம்பர் 28-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மேடை ஏறினார்.

பட்டியலை மட்டும் நம்பினால் வேறு விதத்திலும் ஏமாறுவீர்கள். ‘இமேஜின்’ ஆல்பம் வந்தது 1971-ல். பிரிட்டனில் அந்தப் பாட்டு சிங்கிளாக வரவே 1975 ஆயிற்று. அங்கே முதலிடம் பிடித்தது, அவர் சுடப்பட்டு இறந்த பிறகு, 1981 ஜனவரியில். மெக்கார்ட்னியின் ‘மல் ஆஃப் கின்டைர்’ (1977) பிரிட்டனில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் சிங்கிள். அமெரிக்காவில் அதே தட்டு முதல் முப்பதுக்குள் நுழையவில்லை.

தீர்ப்பு இதுதான். முதல் ஓட்டம் ஹாரிசனுடையது, நெடுந்தூரம் மெக்கார்ட்னியுடையது. ஒரே ஒரு ஆல்பத்தை மட்டும் வைத்துக்கொள் என்றால் லெனனின் 1970 ‘பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்’. பெரும்பாலான பாட்டுகளில் மூன்றே பேர்தான்: லெனன், பேஸில் கிளாஸ் ஃபோர்மன், டிரம்ஸில் ரிங்கோ. சண்டையைத் தொடர வேண்டுமென்றால் மெக்கார்ட்னியின் ‘ராம்’ (1971) ஆல்பத்தின் முதல் பாட்டையும், அதற்குப் பதிலடியாக லெனன் ‘இமேஜின்’ ஆல்பத்தில் வைத்த ‘ஹவ் டூ யூ ஸ்லீப்?’ பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இரண்டாவதில் ஸ்லைடு கிட்டார் வாசிப்பது ஹாரிசன். அவர் எந்தக் கட்சி என்று அங்கே தெரிந்துவிடும்.

ரிங்கோவை ஏன் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை?
– நாகர்கோவில் வாசகர்

எடுக்க வேண்டும். 1973-ல் வந்த ‘ரிங்கோ’ ஆல்பத்துக்கு மற்ற மூவரும் பாட்டு கொடுத்து, வாசித்தும் கொடுத்தார்கள். பிரிவுக்குப் பிறகு வேறு யாருடைய ஆல்பத்துக்கும் அப்படி மூவரும் வரவில்லை. அதிலிருந்து ‘போட்டோகிராஃப்’, ‘யூ ஆர் சிக்ஸ்டீன்’ இரண்டும் அமெரிக்காவில் முதலிடம். பிரிட்டனில் மட்டும் அவருக்கு இரண்டாம் இடத்துக்கு மேல் வாய்க்கவில்லை.

பிபிசி தடை செய்தது லெனன் பாட்டுகளைத்தானே? மெக்கார்ட்னி பாட்டையும் தடை செய்தார்கள் என்று நண்பர் சாதிக்கிறார். நம்பலாமா?
– மதுரை வாசகர்

நம்பலாம். 1972 என்ற ஒரே வருடத்தில் இரண்டு பாட்டுகள்.

முதலாவது ‘கிவ் அயர்லாந்து பேக் டு தி ஐரிஷ்’. 1972 ஜனவரி 30-ல் வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் போனவர்கள்மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். அதற்கு மெக்கார்ட்னி உடனடியாக எழுதிய பதில் இந்தப் பாட்டு. அடுத்த மாதமே தட்டு கடைக்கு வந்தது. பிபிசி தடை விதித்தது, ரேடியோ லக்சம்பர்க்கும் கைவிட்டது. பிபிசியின் ரேடியோ 1 வாராந்தரத் தரவரிசை நிகழ்ச்சியில் பாட்டின் பெயரையே உச்சரிக்கக் கூடாது என்பதால், ‘விங்ஸ் குழுவின் ஒரு ரெக்கார்டு’ என்று மட்டும் அறிவித்தார்கள். தட்டின் மறுபக்கத்தில் இதே பாட்டின் வாத்திய வடிவம் இருந்தது. இந்தப் பக்கத்தைப் போட முடியாதென்று திருப்பிப் போட்டாலும் அதே மெட்டுதான் வரும். தடையை எதிர்பார்த்தே செய்த வேலை. பிரிட்டனில் 16-ஆம் இடம், அயர்லாந்தில் முதலிடம்.

அடுத்து மே மாதம் அவர் வெளியிட்டது ‘மேரி ஹேட் எ லிட்டில் லேம்’ என்ற பாப்பா பாட்டு. இது பிபிசிக்குச் செய்த நக்கல் என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுவார்கள். குழந்தைகளுக்காகச் செய்ததுதான் என்பது அவர் தரப்பு. ஒன்பதாம் இடம் வரை போனது.

இரண்டாவது தடை டிசம்பரில், ‘ஹை ஹை ஹை’ பாட்டுக்கு. காரணம் பாலியல் சாடை. ஒரு சொல்லை அதிகாரிகள் ‘பாடி கன்’ என்று கேட்டார்கள், தான் எழுதியது ‘பாலிகன்’ என்றார் மெக்கார்ட்னி. பலகோணத்தை வைத்துப் படுக்கையில் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. வானொலி மறுபக்கத்தில் இருந்த ‘சி மூன்’ பாட்டைச் சுழல விட்டது, தட்டு ஐந்தாம் இடத்துக்குப் போனது.

லெனனும் அதே 1972-ல் அயர்லாந்தைப் பற்றி இரண்டு பாட்டு வெளியிட்டார். ஆனால் ஆல்பத்துக்குள் வைத்தார். சிங்கிளாக வந்தால்தான் வானொலி போட வேண்டிய கட்டாயம், தடை செய்ய வேண்டிய அவசியம் எல்லாம் வரும். சாதுவான ஆளான மெக்கார்ட்னி மாட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிங்க்ஸ் குழுவின் ‘லோலா’ பாட்டில் என் பிரதியில் ‘கோகா-கோலா’ என்று வருகிறது, நண்பரின் பிரதியில் ‘செர்ரி கோலா’. எது அசல்?
– சேலம் வாசகர்

இரண்டுமே அசல். உங்களுடையது ஆல்பப் பதிவு, நண்பருடையது 1970-ல் வந்த சிங்கிள். பிபிசி உரிமக் கட்டணத்தில் நடப்பது, விளம்பரம் கூடாது. பாட்டில் ஒரு வணிகப் பெயர் வந்தாலும் விளம்பரம்தான் என்று அன்று கறாராக இருந்தார்கள். அப்போது குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. பாடகர் ரே டேவிஸ் அந்த ஒரு சொல்லுக்காக அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன் வந்து திருத்திப் பாடினார்.

திருத்தம் ஒட்டு தெரியாமல் உட்கார்ந்ததற்குக் காரணம் எண்ணிக்கை. கோ-கா-கோ-லா நாலு அசை, செர்-ரி-கோ-லா நாலு அசை. கடைசி இரண்டும் அப்படியே நிற்பதால் ‘லோலா’வோடு வரும் இயைபும் கெடவில்லை. மாற்றுச் சொல் தேடும்போது இந்த இரண்டையும் பார்ப்பார்கள்: அசை எண்ணிக்கை, அழுத்தம் விழும் இடம். இரண்டில் ஒன்று பிசகினாலும் பாடகர் சொல்லை இழுத்தோ முழுங்கியோ பாட வேண்டிவரும், கேட்பவருக்கு ஏதோ மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டின் கதையே ஒரு இளைஞன் லண்டன் கிளப்பில் சந்திக்கும் லோலா ஆணா பெண்ணா என்று திகைப்பது. அது பிபிசியைத் தொந்தரவு செய்யவில்லை, குளிர்பானம் செய்தது. பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம்.

லூ ரீட் பாட்டில் அத்தனை விஷயம் இருந்தும் பிபிசி எப்படி விட்டது?
– புதுச்சேரி வாசகர்

‘வாக் ஆன் த வைல்டு சைடு’ பாட்டைச் சொல்கிறீர்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்டு குழுவை 1970-ல் விட்டுவிட்டு வந்த ரீடுக்குத் தனி வாழ்க்கையைத் திறந்துவிட்டதே இந்தப் பாட்டுதான். 1972-ல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்’ ஆல்பத்தில் இருக்கிறது. தயாரிப்பு டேவிட் போவியும் மிக் ரான்சனும். பாட்டில் வரும் நியூயார்க் கொச்சை பிபிசி அதிகாரிகளுக்குப் பிடிபடவில்லை. திட்டும் சொல் இல்லாததால் காதில் எதுவும் தட்டவில்லை. 1973-ல் பத்தாம் இடம் வரை போனது. அந்தக் கொச்சை நன்றாகவே புரிந்த அமெரிக்காவில் ரெக்கார்டு கம்பெனி வெட்டிய பிரதியை வானொலிக்கு அனுப்பியது.

அதே பிபிசி, 1967-ல் பீட்டில்ஸின் ‘ஐ ஆம் த வால்ரஸ்’ பாட்டில் ஜட்டிக்கு உள்ள ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லுக்காக முகம் சுளித்தது. அன்றைய தணிக்கை சொல்லைத் தேடியது, பொருளைத் தேடவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

பாட்டின் ஆரம்பத்தில் வழுக்கிக்கொண்டு போகும் அந்த பேஸ் ஒலியைக் கவனியுங்கள். ஹெர்பி ஃப்ளவர்ஸ் முதலில் டபுள் பேஸில் வாசித்து, அதன்மேலேயே பேஸ் கிட்டாரில் இன்னொரு வரிசை வாசித்திருக்கிறார். இரண்டு வாத்தியம் என்பதால் இரட்டைச் சம்பளம்.

வானொலிக்காக ஒரு சொல்லை எப்படி எடுக்கிறார்கள்? கல்லூரி வானொலிக்கு நாங்களே செய்ய முடியுமா?
– திருச்சி மாணவர்

செய்யலாம். டேப் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் கணினியில் செய்யும் தப்புகள் பாதி குறையும்.

ஸ்டூடியோ டேப் நொடிக்கு 15 அங்குலம், அதாவது சுமார் 38 செ.மீ. ஓடும். நிமிடத்துக்கு 120 தாளம் போகும் பாட்டில் ஒரு தாளம் 19 செ.மீ. நீளம். அரைத் தாளத்துக்கு வரும் ஒரு சொல்லை பிளேடால் வெட்டி எறிந்தால் 9.5 செ.மீ.யும் சேர்ந்து போகும், பாட்டு தடுக்கி விழும். அதனால் வெட்டிய நீளத்துக்கு அதே பாட்டின் வேறு சரணத்திலிருந்து ஒரு துண்டைப் பிரதியெடுத்து ஒட்டுவார்கள். நேர்க்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் ஒட்டுமிடத்தில் ‘டக்’ சத்தம் வராது.

இதற்கு நல்ல உதாரணம் ‘பிரவுன் ஐட் கேர்ள்’. ‘தெம்’ குழுவிலிருந்து விலகிய வேன் மாரிசனின் முதல் தனி ஹிட், 1967. பச்சைப் புல்லில் காதல் செய்த வரியை எடுத்துவிட்டு, முன் சரணத்தில் வரும் சிரித்து ஓடிய வரியை அங்கே ஒட்டிய வானொலிப் பிரதி ஒன்று உண்டு. ஒரே சொற்றொடர் இரண்டு இடத்தில் வந்தால் உங்கள் கையில் இருப்பது அந்தப் பிரதி. அந்தக் காலத்தில் டிரம்ஸ்காரர் காதில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) கிடையாது. கடைசிச் சரணத்தில் வேகம் துளி கூடியிருந்தால் முன் சரணத்துத் துண்டு மந்தமாகக் கேட்கும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

இனி கணினி. குரலும் வாத்தியமும் தனித்தனி டிராக்காகக் கிடைத்தால் வேலை சுலபம். சொல்லின் உயிரொலியை மட்டும் மௌனமாக்குங்கள், இரு முனையிலும் 5 முதல் 10 மில்லி செகண்டு மங்கல் (ஒலி மெல்ல இறங்கி, மெல்ல ஏறுவது) கொடுங்கள். கொடுக்காவிட்டால் வெட்டு ‘டிக்’கென்று கேட்கும். பிறகு இரண்டு இடம் பாருங்கள். ஒன்று எதிரொலி: குரலை எடுத்தும் அதன் வால் வேறு டிராக்கில் மிச்சம் இருக்கும், சொல் ஆவிபோலத் திரும்பி வரும். இன்னொன்று பின்னணிக் குரல்கள்: அதே சொல்லை அவர்களும் பாடியிருப்பார்கள்.

மௌனம் பிடிக்காதவர்கள் சொல்லைத் தலைகீழாக ஓட விடுவார்கள். குரல் டிராக்கில் மட்டும் செய்தால் நீளமும் சத்த அளவும் மாறாது. முழுப் பாட்டையும் சேர்த்துத் திருப்பினால் அந்த இடத்து ஸ்னேர் டிரம் அடியும் திரும்பி, ‘ஷ்ஷுப்’ என்று உறிஞ்சுவதுபோல் கேட்கும்.

கையில் சாதாரண ஸ்டீரியோ பாட்டு மட்டும்தான் என்றால், அந்த அரை நொடியில் ஒரு பக்கத்து அலையை மேல்கீழாகக் கவிழ்த்து (பின்னோக்கி ஓட விடாமல்) மறு பக்கத்தோடு சேருங்கள். நடுவில் நிற்கும் குரல் பெருமளவு மறையும். ஆனால் பேஸும் கிக் டிரம்மும் வழக்கமாக நடுவில்தான் இருக்கும், அவையும் போய்விடும், பாட்டு திடீரென்று தகர டப்பாவாகும். அசலிலிருந்து 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் வடிகட்டி எடுத்து மறுபடி சேர்த்தால் அடித்தளம் திரும்பும்.

‘பீப்’ வேண்டாம். வழக்கமான 1000 ஹெர்ட்ஸ் பீப், மேற்கத்திய சுரங்களில் ‘பி’ (988), ‘சி’ (1047) இரண்டுக்கும் நடுவே எதிலும் சேராமல் விழும். எந்தப் பாட்டிலும் அபசுரம். பேச்சுக்குப் பரவாயில்லை, இசைக்கு ஆகாது.

நேரலையில் பாடகர் திட்டினால்?
– ஈரோடு வாசகர்

பல நிலையங்களில் நேரலை சில விநாடி தாமதமாகத்தான் வெளியே போகும், ஏழு விநாடி என்பது பிரபலமான அளவு. பொத்தானை அழுத்தினால் தேங்கியிருக்கும் அந்த விநாடிகள் கொட்டப்பட்டு ஒலிபரப்பு நிகழ்காலத்துக்குத் தாவும். பிறகு இயந்திரம் பேச்சை உணர முடியாத அளவு இழுத்து, தாமதத்தை மீண்டும் சேர்த்துக்கொள்ளும். 2009 டிசம்பரில் பிபிசி ரேடியோ 5 லைவ் காலை நிகழ்ச்சியில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவிடம் ‘கில்லிங் இன் த நேம்’ பாட்டின் கடைசியில் வரும் திட்டு வரியைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரம் தவிர்த்துவிட்டு, பிறகு முழுமையாகவே பாடினார்கள். நாலு முறை ஒலித்த பிறகுதான் ஒலியை இறக்கினார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் முதலிடம் அந்தப் பாட்டுக்கு.

தடை செய்தால் பாட்டு ஓடும் என்கிறார்களே, உண்மையா?
– தஞ்சாவூர் வாசகர்

ஏறிக்கொண்டிருக்கும் பாட்டென்றால் உண்மை. ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் ‘ரிலாக்ஸ்’ 1984 ஜனவரியில் ஏற்கெனவே ஆறாம் இடத்தில் இருந்தது. 11-ஆம் தேதி ரேடியோ 1 அறிவிப்பாளர் மைக் ரீட் அதைப் போட மறுத்தார், பிறகு பிபிசியே தடை போட்டது. அந்த மாதமே முதலிடம், ஐந்து வாரம் அசையவில்லை. தட்டு கடைகளில் தயாராக இருந்தது, மக்களுக்கு மெட்டு காதில் ஏறியிருந்தது, தடை கடைசித் தள்ளாக அமைந்தது.

கேட்கவே கிடைக்காத பாட்டைத் தடை கொன்றுவிடும். லெனன் 1972-ல் பெண்களின் நிலையைச் சொல்ல ஒரு இனவசைச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து சிங்கிள் வெளியிட்டார். அமெரிக்க நிலையங்கள் பெரும்பாலும் தொடவில்லை, 57-ஆம் இடத்தோடு நின்றது. தலைப்பே பிரச்சினை என்றால் வெட்டி ஒட்டவும் வழியில்லை.

‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறதே?
– லண்டன் வாசகி

போக்ஸ் குழுவும் கர்ஸ்டி மக்காலும் 1987-ல் பாடிய பாட்டு. குடிகாரத் தம்பதி ஒருவரையொருவர் திட்டும் சரணத்தில்தான் சிக்கல். 2007 டிசம்பர் 18-ல் ரேடியோ 1 இரண்டு சொற்களை மௌனமாக்கியது, எதிர்ப்பு கிளம்ப அன்றே திரும்பப் பெற்றது. 2020-ல் மறுபடி ரேடியோ 1 திருத்திய வடிவத்துக்குப் போனது. ரேடியோ 2 பழையதையே போட்டது. ஒரே நிறுவனம், இரண்டு அலைவரிசை, இரண்டு பாட்டு. திருத்திய ஒரு வரி புதிதாக எழுதியதுமல்ல. கர்ஸ்டி மக்கால்தான் 1992-ல் பிபிசி தொலைக்காட்சியில் அந்த இடத்தில் ‘ஹேகர்ட்’ என்ற சொல்லைப் போட்டுப் பாடியிருக்கிறார்.

பிங்க் ஃப்ளாய்டில் வாட்டர்ஸா, கில்மரா?
– சென்னை வாசகர்

சரக்கு வாட்டர்ஸிடம் போனது, பெயர்ப்பலகை கில்மரிடம் தங்கியது. 1985-ல் வாட்டர்ஸ் விலகினார், பெயருக்காக வழக்கு நடந்தது, 1987 கடைசியில் சமரசம். அதே வருடம் இரு தரப்பும் ஆல்பம் வெளியிட்டார்கள். பிங்க் ஃப்ளாய்டு பெயரில் வந்தது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மூன்றாம் இடம். வாட்டர்ஸின் ‘ரேடியோ கே.ஏ.ஓ.எஸ்.’ பிரிட்டனில் 25, அமெரிக்காவில் 50. இரண்டையும் கேட்டால் வரிகளில் வாட்டர்ஸ் பல படி மேலே, கிட்டாரில் எதிர்ப்பக்கம். டிக்கெட் வாங்குபவர் பெயரைப் பார்த்துத்தான் வாங்கினார். வாட்டர்ஸுக்கும் காலம் வந்தது: சமரசத்தில் ‘த வால்’ மேடை உரிமை அவருக்குக் கிடைத்தது, 2010 முதல் 2013 வரை அதை வைத்து உலகம் சுற்றினார்.

செயலியில் கேட்கும் பாட்டு வெட்டியதா முழுசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வேலூர் வாசகி

பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்தில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் முழுப் பாட்டு. ‘ரேடியோ எடிட்’ அல்லது ‘கிளீன்’ என்றிருந்தால் வெட்டியது. அமைப்புகளில் ஆபாசச் சொல்லுக்கான அனுமதியை யாராவது அணைத்து வைத்திருந்தால் ‘ஈ’ பாட்டுகள் ஓடாது. வீட்டில் பிள்ளைகள் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் முதலில் அதைப் பாருங்கள்.

1970-களின் பாட்டுகளுக்கு இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம். ‘லோலா’வில் மாறியது குளிர்பானப் பெயர், அதற்கு எந்த எழுத்தும் வராது. ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்புகளில் பல சமயம் சிங்கிள் வடிவத்தைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதே பாட்டை அது முதலில் வந்த ஆல்பத்தின் பெயரில் தேடி எடுத்து, இரண்டின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். சில விநாடி வித்தியாசம் இருந்தால் வேறு வேறு பதிவாக இருக்கலாம். நேரம் ஒன்றாகவே இருந்து சந்தேகம் தீராவிட்டால், ஹெட்போன் மாட்டி அந்த வரியை மட்டும் கேளுங்கள்: குரல் நின்றும் எதிரொலி தொடர்ந்தால் அங்கே கத்தரி விழுந்திருக்கிறது.